ஆர்னெட்டாவும் அவளுடைய நாற்பது சகோதரிகளும்

ஆர்னெட்டா பிக்கன்ஸின் வெள்ளை உடுப்புக்கு நான் பத்தொன்பது வருஷம் இஸ்திரி போட்டிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, ஜனவரி மாதம், அவளுடைய சங்கத்தின் விருந்துக்கு முந்தின வாரம் கொண்டு வந்து கொடுப்பாள். கோட்டின் காலரில் வெள்ளிப் பின் குத்துகிற இடத்தில் இரண்டு சின்ன ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையைப் பார்க்கும்போதெல்லாம் இஸ்திரிப் பெட்டியை அளவுக்கு மேல் அழுத்திவிடுவேன். சலவைக் கடையில் என்னோடு வேலை செய்கிற ஓடெல் அதைக் கவனித்துவிட்டான்.

“மோசெல் அக்கா, அந்தக் காலர் என்ன பாவம் பண்ணிச்சு? இந்த அழுத்து அழுத்துறீங்க!”

பொறாமைதான். அதைக் கர்த்தரிடம் பல தடவை அறிக்கையிட்டிருக்கிறேன். அவர் மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன். மன்னித்த பிறகும் அது போகவில்லை.

நானும் அவளும் அலபாமாவில் ஒரே செம்மண் சாலையில் வளர்ந்தவர்கள். ஒரே வயல்களில் பருத்தி எடுத்தோம். ஐந்தாம் வகுப்போடு எனக்குப் படிப்பு நின்றது. அம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன, மூத்தவள் நான். ஆர்னெட்டாவுக்கு டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த தாய்மாமன் இருந்தார். அவர் படிக்க வைத்தார். அவள் எங்கள் ஊர் மேட்டில் இருக்கிற கல்லூரிக்குப் போனாள். மூன்றாம் வகுப்பு டீச்சராக வந்தாள். போனபோது அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. வந்தபோது நாற்பது சகோதரிகள் இருந்தார்கள்.

மேட்டுக் கல்லூரியில் பெண்களுக்கென்று சங்கங்கள் உண்டு, சொரோரிட்டி என்பார்கள். பையன்களுடையதற்கு ஃபிரெட்டர்னிட்டி என்று பெயர். கல்லூரி முடிந்ததும் அது முடிந்துவிடும் என்று பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் கறுப்பு ஜனங்களுக்குள் அது சாகிற வரைக்கும் விடாது. ஆர்னெட்டாவின் சங்கத்துக்கு நிறம் ஊதாவும் வெள்ளியும். அவர்கள் ஒருவரை ஒருவர் ‘சோரர்’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், சகோதரி என்று அர்த்தம். சபையில் இருநூறு பேர் என்னை ‘சிஸ்டர்’ என்கிறார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் மளிகைக் கடையில் வரிசையில் நிற்கும்போது முன்பின் தெரியாத ஒருத்தி அவளுடைய வெள்ளிப் பின்னைப் பார்த்துவிட்டு “சோரர்!” என்று ஓடி வந்து கட்டிக்கொள்வாள் பாருங்கள், அப்போது நான் சோப்பு டப்பாவின் எழுத்தைப் படித்துக்கொண்டு நிற்பேன்.

ஆர்னெட்டாவின் புருஷன் ரூஃபஸ் செத்தபோது நாற்பது பெண்கள் வெள்ளை உடுத்தி வந்தார்கள். பெட்டியைச் சுற்றிக் கைகோத்து நின்று பாடினார்கள். வந்த பூவுக்கெல்லாம் நன்றி அட்டை எழுதினார்கள். அவள் வீட்டுக் கூரையில் ஒழுகின இடத்தைக்கூட ஒரு சோரரின் புருஷன் வந்து அடைத்துவிட்டுப் போனான். இரண்டு வருஷம் கழித்து என் புருஷன் ஹோரேஸும் போனான். சபை என்னைக் கைவிடவில்லை, பொய் சொல்லக் கூடாது. பொரித்த கோழி வந்தது, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு வந்தது, மக்ரோனி மட்டும் ஏழு பாத்திரம் வந்தது. ஆனால் யாரும் என்னைச் சுற்றி வட்டமாக நிற்கவில்லை. மக்ரோனியைச் சூடு பண்ணித் தின்றுகொண்டே அதை நினைத்தேன்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தவள் அவள். ஷூ கிழிந்த பிள்ளைக்கு யாருக்கும் தெரியாமல் ஷூ வாங்கி வைப்பாள். எனக்குப் புரியாத அரசாங்கக் கடுதாசியை வாசித்துச் சொல்வாள், வாசித்ததை வெளியே மூச்சு விட மாட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு ஒரே மகள், லட்ரீஸ். அந்த ஒரு விஷயத்தில் தராசுத் தட்டு என் பக்கம் தாழ்ந்திருந்தது. அதையும் நான் கவனித்து வைத்திருந்தேன்.

லட்ரீஸ் மேட்டுக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆர்னெட்டா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். முதலில் ஒரு மணி நேரம். பிறகு சாயங்காலம் வரைக்கும். முதியோர் இல்லத்தில் சாப்பாடு பரிமாறினாள், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். நடை மாறியது, உட்காருகிற விதம் மாறியது. ஒரு நாள் சமையலறையில் நிறுத்திக் கேட்டேன்.

“என்னடி நடக்குது? யாராவது பையனா?”

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். வீட்டில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஈ காக்கா இல்லை.

“அம்மா, யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியமா.”

“சொல்லு.”

“எனக்கு மிஸ் ஆர்னெட்டாவோட சங்கத்துல சேரணும்.”

“இதுக்கா கதவைச் சாத்தினே? சேர வேண்டியதுதானே!”

“நீ புரிஞ்சுக்க மாட்டேங்கிற. ஆசைப்படறேன்னு வெளியில தெரியவே கூடாது. அவங்களா பார்க்கணும், அவங்களா கூப்பிடணும். நான் வாயைத் திறந்தா போச்சு. அந்த நிறத்துல துணிகூட உடுத்த மாட்டேன். என் வீட்ல யாராவது வாயைத் திறந்தாலும் போச்சு.”

“ஆர்னெட்டாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“போன வருஷம்.”

போன வருஷம். ஒன்பது மாதம் சுமந்தவளுக்கு இப்போது சொல்கிறாள், கதவைச் சாத்திக்கொண்டு. அன்றைக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. மார்ச், ஏப்ரல் வந்தால் சங்கங்களில் சேரப்போகிற கல்லூரிப் பெண்களின் துணி எங்கள் கடைக்கு வரும். முட்டை காய்ந்துபோன ஸ்வெட்டர், வினிகர் நாற்றமடிக்கிற ஜீன்ஸ், முட்டியில் சேறு. “பிள்ளைங்க என்ன, ஆம்லெட் சங்கத்துலயா சேர்றாங்க?” என்று ஓடெல் சிரிப்பான். ஒரு தடவை ஒரு ஸ்கர்ட்டின் பின்பக்கத்தில் ரத்தம் இருந்தது, அது மாதவிலக்கு ரத்தம் விழுகிற இடம் அல்ல. அதற்கு ஓடெல் சிரிக்கவில்லை. நான் உப்புத் தண்ணீரில் ஊற வைத்தேன். கறை போய்விட்டது. யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் பாடகர் குழு வரிசையில் இருந்தேன். லட்ரீஸ் வழக்கமான இடத்தில் உட்காராமல் ஆர்னெட்டா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிரசங்கத்தின் நடுவில் இருமினாள். ஆர்னெட்டா கைப்பையைத் திறந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்துத் தாளைப் பிரித்து நீட்டினாள். என் மகள் சின்னப் பிள்ளை மாதிரி அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். என் பையிலும் புதினா மிட்டாய் இருந்தது.

“ஜெப விண்ணப்பம் இருக்கிறவங்க எழுந்திருங்க” என்றார் டீக்கன் ஸ்டால்வொர்த்.

நான் எழுந்தேன்.

“சபையாருக்கு ஸ்தோத்திரம். என் மக லட்ரீஸுக்காக ஜெபம் பண்ணுங்க. அவளுக்கு சிஸ்டர் பிக்கன்ஸ் மாதிரியே அந்த ஊதா, வெள்ளி சங்கத்துல சேரணும்னு ரொம்ப ஆசை. கர்த்தர் அந்தக் கதவைத் திறக்கணும்.”

எப்போதும் யாராவது “ஆமென்!” என்று கத்துவார்கள். அன்று விசிறி ஆடுகிற சத்தம்கூட நின்றுபோனது. இரண்டாம் வரிசையில் ஆர்னெட்டாவின் சோரர்கள் நான்கு பேர், ஊதா தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தொப்பிகூடத் திரும்பவில்லை. திரும்பாத விதத்திலேயே காரியம் கெட்டது என்று தெரிந்தது. காது மந்தமான பிரதர் க்ளீவ் மட்டும் கடைசி வரிசையிலிருந்து “ஆமென், தாயே!” என்றார்.

வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் லட்ரீஸ் என்னைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“என்னம்மா பண்ணிட்ட?”

“ஜெபம்தானே கேட்டேன். ஜெபத்துல என்ன தப்பு?”

“ஜெபமா? என் வாழ்க்கையை மைக்ல போட்டுட்ட.”

“நான் படிக்காதவ, எனக்கு உங்க சட்டமெல்லாம்...”

“அதைச் சொல்லாத. சமையல்கட்டுல சொன்னேன். கதவைச் சாத்திட்டுச் சொன்னேன்.”

அவள் ஆர்னெட்டாவின் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். அன்று வீட்டுக்கு வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் சொல்லிவிட்டு நான் ஆர்னெட்டா வீட்டுக்குப் போனேன். என் மகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

ஆர்னெட்டா கதவைத் திறந்தாள். பள்ளி உடுப்பில் இருந்தாள், விரலில் சுண்ணாம்பு.

“உள்ள வா, மோ. வலது பக்கம் உட்காரு.”

அவளுக்கு இடது காது கேட்காது. கல்லூரி நாளில் பொன்னுக்கு வீங்கி வந்து போனது என்று ஊருக்கே தெரியும்.

“லட்ரீஸ் இருக்காளா?”

“பின்கட்டுல படிக்கிறா. முதல்ல நம்ம பேசுவோம்.”

“தெரியாமச் சொல்லிட்டேன்டி, ஆர்னெட்டா.”

“பொய் சொல்லாத.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். “உன்னை எனக்கு ஆறு வயசுலேர்ந்து தெரியும். உனக்கு நிஜமா ஜெபம் வேணும்னா உள் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு முழங்கால் போடுவ. ஹோரேஸ் படுக்கையில கிடந்தப்ப ஒரு தடவைகூட நீ சபையில எழுந்து நிக்கல. இதுக்கு எழுந்தே.”

கடைசியில் சொன்னேன்.

“ஆமா. வேணும்னேதான் சொன்னேன். அவ உன் மிட்டாயை வாங்கித் தின்னா.”

“மிட்டாயா?”

“மிட்டாய்தான்.”

ஆர்னெட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “அடிப் பாவி. ஒரு மிட்டாய்க்கு நாலு தொப்பியையும் பகைச்சுக்கிட்டியே.”

நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில்தான் கேட்க வேண்டிய கேள்வி வெளியே வந்தது.

“ஆர்னெட்டா, சேர்த்துக்கிட்டா அவளை அடிப்பாங்களா?”

அவள் முகம் டீச்சர் முகமாக மாறியது. “அதெல்லாம் இப்ப கிடையாது. எழுத்துலயே தடை போட்டாச்சு. அடிச்சா சங்கத்தையே மூடிருவாங்க.”

“எழுத்துல இருக்கிறது உனக்குத் தெரியும். எனக்கு அந்த எழுத்தெல்லாம் தெரியாது. எனக்குத் துணி தெரியும். வருஷா வருஷம் வசந்த காலத்துல என்ன வருதுன்னு எனக்குத் தெரியும்.” முட்டையைச் சொன்னேன், வினிகரைச் சொன்னேன், அந்த ஸ்கர்ட்டைச் சொன்னேன்.

அவள் விரலில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்தாள். பிறகு பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். “லட்ரீஸ், இங்க வாம்மா.”

லட்ரீஸ் வந்து கதவோரம் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

“சங்கத்துக்கு வெளியே இருக்கிறவங்க முன்னாடி இதைப் பேசக் கூடாது” என்றாள் ஆர்னெட்டா. “நான் சத்தியம் பண்ணியிருக்கேன். இன்னிக்கு அதை மீறுறேன், கர்த்தர் பார்த்துக்கட்டும். மோ, எனக்குப் பொன்னுக்கு வீங்கி வரல.”

“பின்னே?”

“சேர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. வரிசையா நிக்க வச்சு ஏதோ கேள்வி கேட்டாங்க, எனக்குப் பதில் தெரியல. கன்னத்துல ஒண்ணு விழுந்துச்சு, உள்ளங்கையால. அவ்வளவுதான். ஒரு மணி அடிச்ச மாதிரி இருந்துச்சு, அந்த மணி அப்புறம் நிக்கவே இல்ல. அம்மாகிட்ட பொன்னுக்கு வீங்கினு சொன்னேன். அம்மா செத்தே போனாங்க, அதை நம்பிக்கிட்டே.”

“யாரு அடிச்சது?”

“பேர் சொல்ல மாட்டேன். அவங்கதான் என் கல்யாணத்துல பாடினாங்க.”

லட்ரீஸ் மெல்லச் சொன்னாள். “மிஸ் ஆர்னெட்டா, இத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்தேனே. இதை ஏன் சொல்லல?”

“நீ கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவங்க இல்லாம நான் யாரு? ஆறாவது மைல் பருத்திக்காட்டுப் பொண்ணு. ரூஃபஸ் போனப்ப என்னை நிமித்தி உக்கார வச்சது அவங்கதான். அதனால வாயை மூடிக்கிட்டேன். இப்ப உங்கம்மா அந்த ஸ்கர்ட்டைச் சொன்னா. அது உன் ஸ்கர்ட்டா இருந்தா?”

என் மகள் சொன்னாள், “எனக்கு இன்னமும் வேணும்.”

‘வேண்டாம், வா வீட்டுக்கு’ என்று என் நாக்கு நுனிவரை வந்தது. அதைப் பொறாமை சொல்கிறதா தாய்மை சொல்கிறதா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன். “உன் அழுக்குத் துணி எல்லாம் வாராவாரம் என்கிட்ட வரணும். துவைக்காம. ஒரு கைக்குட்டைகூடக் குறையக் கூடாது.”

“சரி” என்றாள்.

அந்த வருஷம் அவளைக் கூப்பிடவில்லை. நான் திறந்த வாய்க்குப் பலன் அது. லட்ரீஸ் என் வீட்டுக்குத் திரும்பினாள், ஆனால் பல மாதம் என்னிடம் ‘உப்பு எங்க’, ‘லைட்டை அணைக்கவா’ என்கிற அளவுக்குத்தான் பேச்சு. நான் வாங்கிக்கொண்டேன். பாடகர் குழுவில் இருந்துகொண்டு இரண்டாம் வரிசையைப் பார்க்காமல் பாடப் பழகினேன்.

அடுத்த வருஷம் சங்கத்திலிருந்து அவளைக் கூப்பிட்டுக் கடுதாசி வந்தது. எப்படி வந்தது என்று கேட்கவில்லை. ஆர்னெட்டா நான்கு தொப்பிகளிடமும் தனித்தனியாகப் போய் வந்தாள் என்று மட்டும் பிறகு தெரிந்தது. லட்ரீஸ் விடுதிக்குப் போனாள். சொன்ன வாக்குப்படி ஞாயிறுதோறும் துணி மூட்டையோடு வந்தாள். நான் ஒவ்வொன்றாக உதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். முகர்வேன். மூன்று வாரம் வேர்வைதான். நான்காவது வாரம் ஒரு சட்டை மூட்டையின் அடியில் சுருட்டி இருந்தது. வினிகர். காலரில் முட்டை. தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது, யாரோ பிடித்து இழுத்த மாதிரி.

“இது என்னடி?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“உனக்குப் பொன்னுக்கு வீங்கியா?”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எல்லாம் சொன்னாள், இரண்டு பெயர் உள்பட. தூங்கி நான்கு நாள் ஆகியிருந்தது.

சட்டையைக் காகிதப் பையில் போட்டு ஆர்னெட்டா வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் வாங்கிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தப் பையோடு வண்டி எடுத்து மேட்டுக்குப் போனாள். நான் அவள் வாசலிலேயே நின்றேன். அங்கே என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு வந்த மூட்டைகளில் வேர்வை மட்டும்தான் இருந்தது. அந்த இரண்டு பெண்களையும் சங்கம் ஒரு வருஷம் விலக்கி வைத்தது. அதில் ஒருத்தி இரண்டாம் வரிசைத் தொப்பி ஒன்றின் பேத்தி.

அதற்கு ஆர்னெட்டா விலை கொடுத்தாள். இரண்டாம் வரிசையில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு ஆள் இடைவெளி விழுந்தது. அந்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிப்போக யாரும் வண்டி கொண்டு வரவில்லை. தானே ஓட்டிக்கொண்டு போனாள். முப்பது வருஷ சகோதரிகளை என் மகளின் ஒரு சட்டைக்காகக் கோபப்படுத்தியவள் அவள். நான் அப்போது நன்றியில் உருகியிருக்க வேண்டும். உருகினேன், பாதி. மீதிப் பாதியில் என்ன இருந்தது என்றால், என் பிள்ளைக்கு ஆபத்து வந்தபோது நான் ஒரு காகிதப் பையைத்தான் தூக்க முடிந்தது, போய்க் காப்பாற்றியது அவள். அதிலும் அவளே ஜெயித்தாள். இதையும் அறிக்கையிட்டேன்.

புதுப் பெண்களை ஊருக்குக் காட்டுகிற நாள் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. கல்லூரி நூலகத்துக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். முகத்தை மூடி ஏழு பெண்கள் ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டிக்கொண்டு அடி வைத்து வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் மூத்தவர்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார்கள், அதைக் கத்திச் சொல்ல வேண்டும். என் மகள் முறை வந்தது. முகமூடியை எடுத்தாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஜெப விண்ணப்பம்!”

கூட்டமே வெடித்துச் சிரித்தது. எங்கள் சபைக்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. ஆனால் லட்ரீஸ் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பல் தெரிய ஒரு சிரிப்பு சிரித்தாள், இரண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் முழுச் சிரிப்பு.

பிறகு சோரர்கள் எல்லோரும் கைகோத்து வட்டம் போட்டார்கள், கிழவிகளிலிருந்து நேற்று வந்தவர்கள் வரை. ஆர்னெட்டா ஓரமாக நின்றாள். தொப்பிக்காரி ஒருத்தி அவளைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு வேண்டா வெறுப்பாகக் கையை நீட்டினாள். ஆர்னெட்டா உள்ளே போனாள். அவளுடைய இன்னொரு கையை என் மகள் ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். வட்டம் மூடியது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் தாய்மார்கள் நாங்கள் பிள்ளைகளின் கைப்பைகளைச் சுமந்துகொண்டு நின்றோம்.

பக்கத்தில் மாண்ட்கமரியிலிருந்து வந்த ஒரு அம்மா, கையில் மூன்று பை. அவளுடைய சின்ன மகளுக்கும் அடுத்த வருஷம் கல்லூரியாம்.

“உங்க பொண்ணு எல்லாம் சொல்லுவாளாக்கா? என்னோடது வாயே திறக்க மாட்டேங்கிறா. சத்தியமாம், ரகசியமாம்.”

“பாட்டு ரகசியமா இருக்கட்டும், கைகுலுக்கல் ரகசியமா இருக்கட்டும்” என்றேன். “தூக்கத்துல ரகசியம் கிடையாது. எப்ப தூங்கினேன்னு கேளுங்க, எப்ப சாப்பிட்டேன்னு கேளுங்க. துணியை நீங்களே வாங்கித் துவைங்க. சங்கத்துல வயசான ஒருத்தரைத் தெரிஞ்சு வச்சுக்கங்க, பிடிக்கலைன்னாலும் பரவாயில்ல.”

அவள் ஏதோ மருந்துச் சீட்டைப் போல அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு வட்டத்தைக் காட்டிக் கேட்டாள்.

“உங்க பொண்ணு கையைப் பிடிச்சிருக்காங்களே, யாரு அவங்க?”

“மூணாங்கிளாஸ் டீச்சர்” என்றேன்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல அன்று எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் இப்போது உட்கார்ந்து இவ்வளவும் எழுதுகிறேன்.